வேலையில் கை அடிபட்டவர்களுக்கு: நான் போன இழப்பீட்டு வக்கீல் அலுவலகம் எப்படி?

வேலை செய்த இடத்தில் அடிபட்டு, முதலாளி கையை விரித்துவிட்டதால் வக்கீல் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரையும் முகவரியையும் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. நான் எழுதுவது விளம்பரம் இல்லைதான், ஆனாலும் "என் பேரைப் போட்டுடாதீங்க தம்பி" என்று மேடமே சொல்லிவிட்டார். அறுபதை நெருங்கும் ஒரு பெண் வக்கீல், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, இவ்வளவுதான் அலுவலகம். தொழிலாளர் வழக்கு தவிர வேறெதையும் தொடுவதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் இப்படிப்பட்ட ஒருவரிடம் என்ன எதிர்பார்க்கலாம், என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் பவர் பிரஸ் ஆபரேட்டர். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மோதிர விரல் இருக்கிறது, மடங்காது. மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் (மேலிருந்து அடிக்கும் பாகம்) இறங்கும், கை உள்ளே இருக்கவே முடியாது என்பதுதான் ஏற்பாடு. புரொடக்‌ஷன் குறைகிறது என்று அதைத் துண்டித்துவிட்டு கால் பெடல் வைத்துக் கொடுத்தார்கள். முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கார்டையும் கழற்றிவிட்டார்கள். ஷீட்டை எடுக்கக் கையை விட்டேன், பெடலை மிதிக்காமலே மெஷின் இரண்டாவது முறை அடித்துவிட்டது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது போனில் மெஷினின் படங்கள், கழற்றிப் போட்ட கார்டின் படம், சூப்பர்வைசர் திட்டிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வைத்திருந்தேன். அலட்சியத்தை நிரூபித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது கூட வந்த மைத்துனரின் உறுதியான கருத்து. மேடம் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் அப்புறம். சம்பளம் யார் கணக்கிலிருந்து வந்தது?" என்றுதான் ஆரம்பித்தார்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் சொன்னது எனக்குக் கடைசிவரை உதவியது. அன்றைக்கு எனக்குப் பொருந்தியது 1923-ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன்படி முதலாளி தப்பு செய்தாரா இல்லையா என்பதே கேள்வி இல்லை. வேலை காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நடந்ததா? மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் போனதா? ஆம் என்றால் இழப்பீடு உண்டு. மெஷின் பழுது, கார்டு இல்லை, டிரெயினிங் தரவில்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை நம் தலையில் இல்லை. நாம் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தோம் என்று அவர்கள் சொன்னாலும் தொகை குறையாது. நாம் நிரூபிக்க வேண்டியது மூன்றுதான்: அங்கே வேலை பார்த்தோம், இவ்வளவு சம்பளம் வாங்கினோம், இவ்வளவு சம்பாதிக்கும் திறன் போய்விட்டது.

"அப்போ அவங்க பண்ணின அநியாயத்துக்குக் கணக்கே இல்லையா மேடம்?" என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அதற்கு வழி வேறு என்றார். சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈட்டு வழக்கு போடலாம். அங்கே அலட்சியத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும், கேட்கும் தொகைக்கேற்ப கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், பிறகு வருஷக்கணக்கில் வாய்தா. ஜெயித்தால் பெரிய தொகை வரலாம், ஏனென்றால் அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, வலிக்கும் வேதனைக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய தொகை கிடைக்கும் என்று ஆசை காட்டி சிவில் வழக்கில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் இரண்டையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டி, "வீட்டில் பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஃபீஸ் வாங்கவில்லை.

போலீஸ் புகார், தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் இரண்டும் இதற்குத் தடையில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாதபடி யாருக்காவது அடிபட்டால், அப்போதிருந்த தொழிற்சாலை சட்டப்படி நிர்வாகம் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனி தரவில்லை. மேடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு கடிதம் போட்டார். ஆய்வுக்கு வந்தவர்கள் கார்டு இல்லாததைக் குறித்துக்கொண்டு போனார்கள். அந்தக் குறிப்பு பின்னால் எப்படிப் பயன்பட்டது என்று கீழே சொல்கிறேன்.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், நிறைய பேர் குழம்புவது இதில்தான். உங்கள் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் மேலே சொன்ன இழப்பீட்டு மனு போட முடியாது, முதலாளி மேல் நஷ்ட ஈட்டு வழக்கும் போட முடியாது, ஈஎஸ்ஐ சட்டமே அதைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக ஈஎஸ்ஐயில் வைத்தியம் உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு, நிரந்தர ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு முடிவு செய்யும் சதவீதப்படி மாதாமாதம் பணம் உண்டு. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது பொருந்தும். எனக்கு இது கிடைக்கவில்லை. ஈஎஸ்ஐ உச்சவரம்பு அப்போது மாதம் 21,000 ரூபாய், நான் வாங்கியது 23,500. அந்த 2,500 ரூபாய் அதிகமாக வாங்கியதற்காக வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது. மனு போடும்போது அடுத்த அடி விழுந்தது: இழப்பீட்டுச் சட்டத்தில் நீங்கள் எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் கணக்குக்கு எடுத்தது 15,000 வரைதான். 2020 ஜனவரியில்தான் அது 8,000-இலிருந்து 15,000 ஆனது. ஒரு சட்டத்துக்கு நான் பணக்காரன், இன்னொரு சட்டத்துக்கு என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்கே தெரியவில்லை!

கணக்கை மேடம் கால்குலேட்டர் வைத்துப் போட்டுக் காட்டினார். 15,000-இல் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் நான்காவது அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணி இருக்கிறது, விபத்தின்போது எனக்கு வயது 40, அதற்கு 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. பகுதி ஊனத்துக்கு இதில் சதவீதம். முதல் அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரல்கள் போனால் 20 சதவீதம், கட்டை விரல் போனால் 30 என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. உடம்பை இப்படி விலைப்பட்டியலாகப் பார்ப்பது முதல் முறை கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். 20 சதவீதம் என்றால் 3,31,506. அத்தோடு பில் வைத்திருந்தால் வைத்தியச் செலவு தனி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி தனி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் போடலாம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும், அபராதம் மட்டும் முதலாளி பையிலிருந்துதான் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதாம்.

இப்போது ஃபீஸ். இந்த மேடத்திடம் போவதற்கு முன் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்தார். "ஒரு ரூபாய்கூட நீங்க செலவு பண்ண வேண்டாம், வர்ற பணத்தில் முப்பது பர்சென்ட் கொடுத்தா போதும்" என்றார், கூடவே கையெழுத்துப் போட்ட வெற்று காசோலை இரண்டு கேட்டார். அந்தக் காசோலை எதற்கு என்று பிறகுதான் விளங்கியது. இழப்பீட்டுத் தொகை, மனுவை விசாரித்து உத்தரவு போடும் தொழிலாளர் துறை ஆணையரிடம் டெபாசிட் ஆகி நேராக நம் வங்கிக் கணக்குக்கு வரும், நடுவில் யாரும் எடுக்க முடியாது. அதனால் முன்கூட்டியே பிடியைப் போட்டு வைக்கிறார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் பேசுவதையே பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. மேடம் 30,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்து, மனு போடும்போது, சாட்சி விசாரணையின்போது, உத்தரவுக்குப் பின் என்று மூன்றாகப் பிரித்தார். டைப்பிங், ஜெராக்ஸ் தனி, அதற்கும் ரசீது.

அதைவிட எனக்குப் பிடித்தது இது: ஃபீஸ் சொல்வதற்கு முன்னாலேயே, "ஆலைத் தொழிலாளி என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்க, 15100-க்கு போன் பண்ணினாலும் சொல்வாங்க" என்றார். தன்னிடம் வந்த கட்சிக்காரரை இலவசமாகச் செய்யும் இடத்துக்கு வழிகாட்டும் வக்கீல் அபூர்வம். அதனாலேயே நான் இவரிடமே இருந்துவிட்டேன்.

வழக்கில் முதல் சிக்கல், "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று கம்பெனி போட்ட எதிர் மனு. சம்பளம் கான்ட்ராக்டர் கணக்கிலிருந்து வந்தது உண்மை. ஆனால் கம்பெனி தன் வழக்கமான வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்தாலும் அசல் முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்று 12-ஆவது பிரிவில் இருக்கிறது. கம்பெனி வேண்டுமானால் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கம்பெனி, கான்ட்ராக்டர், இன்சூரன்ஸ் மூன்று பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தார். என் போனில் இருந்த படங்களில் அவர் கடைசியில் எடுத்துக்கொண்டது மெஷின் படத்தை அல்ல. ஷிப்ட் போடும் வாட்ஸ்அப் குழுவில் கம்பெனி சூப்பர்வைசர் "நாளைக்கு நைட் ஷிப்ட், 4-ஆம் பிரஸ்" என்று என் பெயரைப் போட்டிருந்த மெசேஜை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் "பணியிடத்தில் மெஷினில் அடிபட்டதாகக் கூறினார்" என்று இருந்தது அடுத்த பலம். அங்கே "வீட்டில் கதவில் நசுங்கியது" என்று சொல்லச் சொல்லி கூட வந்தவர்கள் கிசுகிசுப்பார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்புறம் இன்னொரு வாதம் எடுத்தார்கள். பாதுகாப்புக் கார்டைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினால் இழப்பீடு இல்லை என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ அந்த விலக்கு செல்லாது, என் மாதிரி பகுதி ஊனத்துக்குச் செல்லும். கார்டைக் கழற்றியது நான்தான் என்று ஃபேக்டரி மேனேஜர் சாட்சி சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. மேடம் குரலை உயர்த்தவே இல்லை.

"கார்டு எதுல பொருத்தியிருக்கும் சார்?"

"நாலு ஆலன் போல்ட்."

"ஆபரேட்டர்கிட்ட ஆலன் கீ கொடுப்பீங்களா?"

"இல்ல, டூல் ரூம்லதான் இருக்கும்."

"டூல் ரூம் சாவி?"

"என்கிட்ட."

"கார்டைக் கழற்றினதுக்காக இவருக்கு மெமோ ஏதாவது கொடுத்திருக்கீங்களா?"

கொடுக்கவில்லை. ஆய்வாளர் குறிப்பில், விபத்து நடந்து சில வாரம் கழித்தும் அதே மெஷினிலும் பக்கத்து மெஷினிலும் கார்டு இல்லை என்று இருந்தது. பக்கத்து மெஷின் கார்டையும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நானா கழற்றினேன் என்று மேடம் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தைச் சான்றாவணமாகக் குறியிடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் முதல் நாள் கொண்டுபோன கோபத்துக்கு அவர் கொடுத்த இடம் இவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

ஊனச் சதவீதம் முடிவு செய்ய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஒரு சாவியைக் கொடுத்துத் திருப்பச் சொன்னார், சட்டைப் பட்டனைப் போடச் சொன்னார், பேனாவைப் பிடித்து எழுதச் சொன்னார். மேடம் முன்னாலேயே சொல்லியிருந்தது: "முடியாததை முடியாதுன்னு காட்டுங்க, வீறாப்புக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு செய்யாதீங்க. முடிஞ்சதை முடியாதுன்னும் நடிக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க." மடங்காத மோதிர விரலையும் சேர்த்து டாக்டர் 35 சதவீதம் எழுதினார். அட்டவணைப்படி 20-தான் என்று இன்சூரன்ஸ் வக்கீல் நின்றார். உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் இழப்பு வேறு என்பது மேடத்தின் வாதம். எழுபதுகளில் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, ஒரு கையால் தச்சு வேலை பார்க்க முடியாது என்று சொல்லி முழு ஊனமாகவே கணக்கிட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்கைக் காட்டினார். ஆணையர் 30 சதவீதம் வைத்தார். 4,97,259 ரூபாய், வைத்தியச் செலவு, வட்டி.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார்கள். மேடமும் எடுக்க மாட்டார், ஜூனியரும் எடுக்க மாட்டார். குமாஸ்தா வாட்ஸ்அப்பில் வாய்தா தேதியை மட்டும் அனுப்புவார், அதுவும் முதல் நாள் ராத்திரி. ஒருமுறை ஜூனியர் வழக்குக் கட்டு இல்லாமல் வந்து, மேடம் உடம்பு சரியில்லை என்று தள்ளி வாங்கினார், அன்றைக்கு எனக்குக் கூலி போனதுதான் மிச்சம். மனு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்ட பிறகுதான் வரிவரியாகச் சொன்னார்கள். கேட்காதவர்களுக்குச் சொல்வார்களா என்பது சந்தேகம். அபராதம் கேட்டு அழுத்தவில்லை என்பதும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "அதைப் பிடிச்சா அப்பீல் போவாங்க, இருக்கிறதும் நிக்கும்" என்றார். அவர் சொன்னது நடைமுறைக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கார்டைக் கழற்றியவர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்திருக்க வேண்டிய ஒரே பணம் அதுதான்.

காலதாமதத்துக்கு இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. தொழிலாளர் துறை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் என்னைவிட அதிக காலமாகக் காத்திருந்தவர்களையும் பார்த்தேன். முதலாளி உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போக 60 நாள் அவகாசம் உண்டு, ஆனால் முழுத் தொகையையும் முதலில் டெபாசிட் செய்தால்தான் அப்பீலே எடுப்பார்கள். அதனால் எங்கள் கம்பெனிக்காரர்கள் போகவில்லை.

நடுவில் கான்ட்ராக்டர் ஸ்டாம்ப் பேப்பரோடு வீட்டுக்கு வந்து 50,000 ரூபாய், "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதிக் கொண்டுவந்தார். என் மனைவி பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, "மேடத்துக்கு போட்டோ அனுப்பிட்டு கையெழுத்துப் போடலாம்" என்றதும் கிளம்பிவிட்டார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது, மொத்தமாகத் தீர்த்துக்கொள்வதென்றால் ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும்.

யார் இப்படிப்பட்ட வக்கீலிடம் போகலாம் என்று கேட்டால், ஈஎஸ்ஐ இல்லாதவர்கள், கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள், வேலையில் ஒருவரை இழந்த குடும்பத்தார். மனு போட விபத்திலிருந்து இரண்டு வருஷம் என்ற கெடு என் வழக்கில் இருந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 அமலுக்கு வந்து, 1923 சட்டமும் ஈஎஸ்ஐ சட்டமும் அதற்குள் போய்விட்டன. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். எனவே விபத்து நடந்த தேதியைச் சொல்லி, உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்கிறாரா என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போன் எடுக்காததற்கு அரை, அந்த அபராதத்துக்கு அரை.